கொடைக்கானல் ஏரியும் சுற்றுவட்டாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை நெருங்கினால் போதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமிருந்தும் கொடைக்கானலைப் பற்றிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றையும், யாரும் கேட்காத ஆனால் கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அவற்றை எழுதவில்லை.

எந்த மாதம் போனால் நல்லது?

எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசன். மதுரையும் திண்டுக்கல்லும் கொதிக்கும்போது மேலே பகல் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, கோடை விழா, ஏரியில் படகு அலங்காரப் போட்டி, வாத்து பிடிக்கும் போட்டி எல்லாம் நடக்கும். இந்த வாத்துப் போட்டி பார்க்க வேண்டிய ஒன்று. தண்ணீரில் விட்ட வாத்தைப் படகில் துரத்திப் பிடிக்க வேண்டும். வாத்துக்கு அந்த ஏரியில் எந்த அவசரமும் இருக்காது, படகில் இருப்பவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.

ஆனால் அதே மே மாதத்தில் பெருமாள்மலையிலிருந்து ஊருக்குள் நுழைவதற்கே பாதி நாள் போய்விடலாம். என்னைக் கேட்டால் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வானம் கழுவிவிட்டாற்போல இருக்கும், பார்வை வெகுதூரம் போகும். விடியலில் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதையும் அப்போதுதான் பார்க்கலாம். அக்டோபர், நவம்பரில் மண்சரிவும் மரம் விழுவதும் உண்டு. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடலாம்.

குறிஞ்சிப் பூவுக்காகப் போகிறவர்களுக்கு: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்தது 2030.

இ-பாஸ் கட்டாயமா?

ஆம். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண்ணையும் வருகிறவர்களின் எண்ணிக்கையையும் கொடுத்தால் கிடைத்துவிடும். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனில் வார நாட்களுக்கு 4,000 வாகனம், வார இறுதிக்கு 6,000 வாகனம் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நீதிமன்றம் அவ்வப்போது விதிகளை மாற்றுகிறது. ஆகவே புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். ஐந்து லிட்டருக்குக் குறைவான பாட்டில்களுக்கு மலையில் தடை இருக்கிறது. வைத்திருந்தால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று அறிவித்திருக்கிறார்கள். எவர்சில்வர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோவதே உத்தமம்.

எந்த வழியாக ஏறுவது?

வத்தலக்குண்டு வழிதான் பிரதான பாதை. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து வரும் பேருந்துகள் இதில்தான் வரும். ஏறும் வழியில் டம்டம் பாறையில் நிறுத்தினால் எதிர் மலைமுகத்தில் தலையாறு அருவி நூலாக இறங்குவது தெரியும். அதன் உயரம் முந்நூறு மீட்டருக்குச் சற்றே குறைவு. அங்கே நிற்கும் பலர் குரங்கைப் பார்த்துவிட்டு அருவியைப் பார்க்காமலே வண்டி ஏறிவிடுகிறார்கள். ஊர் நெருங்கும்போது வெள்ளி நீர்வீழ்ச்சி சாலையை ஒட்டியே வந்துவிடும். கோவை, திருப்பூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பழனி வழி சுருக்கம். நெரிசலும் குறைவு. ஆனால் வளைவுகள் நெருக்கமானவை, பேருந்துகளும் குறைவு. ரயிலில் வந்தால் ‘கொடைக்கானல் ரோடு’ என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம். அந்த நிலையத்திலிருந்து ஊர் எண்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மலையேறாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் வத்தலக்குண்டில் பரோட்டாவைக் கண்டதும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஏரியில் என்னவெல்லாம் செய்யலாம்?

இந்த ஏரி இயற்கையாக உண்டானதாகப் பலர் நினைக்கிறார்கள். மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஒரு சதுப்பு நிலத்து ஓடைக்குக் கரை கட்டி உருவாக்கியது இது. பரப்பு ஏறக்குறைய அறுபது ஏக்கர். மலை மடிப்புகளுக்குள் தண்ணீர் நுழைந்து நின்றதால் நட்சத்திரம் போல விரல் விரலாகப் பிரிந்திருக்கும். கரையில் எங்கே நின்றாலும் முழு ஏரியையும் பார்க்க முடியாது. ஏரியின் முழு வடிவம் தெரிய வேண்டுமென்றால் மேலே இருக்கும் காட்சி மேடைக்குத்தான் ஏற வேண்டும்.

படகில் இரண்டு வகை: காலால் மிதிப்பது, துடுப்பால் வலிப்பது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை உட்பட ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படகு கிடைக்கும். ஒரு இடத்தில் வரிசை நீண்டிருந்தால் அடுத்த இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். மிதிபடகு குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களின் தொடைக்குத் தண்டனை. என் தேர்வு துடுப்புப் படகு. ஆள் வைத்து வலிக்கச் சொல்லலாம், வலிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே எடுக்கவும் கேட்டுப் பார்க்கலாம். முதன்முறை துடுப்புப் பிடிப்பவர்கள் படகைத் தட்டாமாலை சுற்றவைப்பார்கள். வலக்கை இடக்கையைவிட வேகமாக இழுப்பதுதான் காரணம். போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்கு நேரே கரையில் தெரியும் ஒரு மரத்தைக் குறி வைத்து, இரண்டு துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும்படி மெதுவாக இழுத்தால் படகு நேராகப் போகும். ஏரியின் விரல்களில் ஒன்றுக்குள் திரும்பிவிட்டால் படகுத்துறைச் சத்தம் சட்டென்று குறைந்துவிடும். பெரும்பாலானவர்கள் துறைக்கு எதிரிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவதால் அந்தப் பக்கம் கூட்டம் இருக்காது.

உயிர்காப்பு மேலாடையைப் போட்டுக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் அழகாக இல்லை என்று கழற்றாதீர்கள். இடி, பலத்த காற்று என்றால் படகுகளை நிறுத்திவிடுவார்கள்.

ஏரியைச் சுற்றி நடப்பதா, சைக்கிளா, குதிரையா?

சுற்றுச்சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். காலை ஏழு மணிக்கு முன் தொடங்கினால் சாலை உங்களுடையது. பத்து மணிக்கு மேல் கார்களுடையது. சைக்கிள் வாடகைக்கு எடுக்கும்போது பிரேக்கையும் இருக்கை உயரத்தையும் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இரட்டை இருக்கை சைக்கிள் பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பின்னால் இருப்பவர் மிதிக்கிறாரா என்று முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. குடும்பச் சண்டைக்கு நல்ல வாய்ப்பு.

குதிரைச் சவாரியில் தூரத்தையும் தொகையையும் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். முதுகில் புண்ணோ நடையில் நொண்டலோ இருக்கும் குதிரையில் ஏறாதீர்கள்.

வழியில் இலையோடு கட்டி விற்கும் கேரட்டை வாங்கிக் கடித்துக்கொண்டே நடக்கலாம். சமவெளிக் கேரட்டில் வராத இனிப்பு அதில் இருக்கிறது.

ஏரியில் குளிக்கலாமா? மீன் பிடிக்கலாமா?

குளிக்கவே கூடாது. தண்ணீர் உறையவைக்கும் குளிர், அடியில் சேறும் களைக்கொடியும். கழிவுநீர் கலப்பதும் பல ஆண்டுகளாக இருந்துவரும் பிரச்சினை. இதே ஏரியின் உபரிநீர்தான் வழிந்தோடி, சுமார் எட்டு கிலோமீட்டர் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக 55 மீட்டர் விழுகிறது. அங்கே நின்று படம் எடுங்கள், தண்ணீரை வாயில் வைக்காதீர்கள்.

தூண்டில் போட மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். பிடித்ததைச் சாப்பிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊரில் இயங்கிவந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரச மாசு வெளிப்பட்டு 2001-இல் மூடப்பட்டது. அதன்பின் நடந்த ஆய்வில் ஏரி மீன்களிலும் பாதரசம் இருந்தது தெரியவந்தது. பாதரசம் சேற்றில் படிந்தால் எளிதில் போகாது.

காட்சி முனைக்குப் போனால் வெறும் வெள்ளைதான் தெரிகிறது. என்ன தவறு செய்கிறோம்?

நேரம். கொடைக்கானலில் ஏமாந்து திரும்பும் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான்: ஒன்பது மணிக்கு இட்லி, பத்து மணிக்கு ஏரி, மதியம் சாப்பாடு, மூன்று மணிக்குத் தூண் பாறை. அதற்குள் கதை முடிந்திருக்கும். வெயில் ஏற ஏற சமவெளியின் சூடான ஈரக்காற்று மலைச்சரிவைத் தழுவி மேலே ஏறும். ஏறும்போதே குளிர்ந்து மேகமாகும். ஊர் மலையின் தென்விளிம்பில், ஏறத்தாழ 2,100 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மேகம் முதலில் மோதுவது விளிம்பில் இருக்கும் காட்சி முனைகளில்தான்.

ஆகவே வரிசையை மாற்றிப் போடுங்கள். விடிந்ததும் கோக்கர்ஸ் வாக், பிறகு தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு. பதினொரு மணிக்குள் விளிம்பு வேலைகளை முடித்துவிட்டு, மேகம் வந்தபின் ஏரிக்குத் திரும்புங்கள். மேகம் கெடுக்காத இடம் ஏரி ஒன்றுதான். மூடுபனியில் அது இன்னும் நன்றாகவே இருக்கும். தூண் பாறை 122 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மூன்று கருங்கல் தூண்கள். போய்ச் சேரும்போது மூடியிருந்தால் உடனே கிளம்பிவிடாமல் ஒரு தேநீர் குடித்துப் பாருங்கள். சில நேரம் திரையை விலக்கினாற்போல ஒரு நிமிடம் திறக்கும்.

கோக்கர்ஸ் வாக் 1872-இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி அமைத்த, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடைபாதை. அங்கே மேகத்திலும் ஒரு ஆதாயம் உண்டு. சூரியன் முதுகுப் பக்கமும் மேகத்திரை எதிரில் கீழேயும் இருந்தால் உங்கள் நிழல் மேகத்தின்மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அவருடைய தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும், உங்களுடையதைச் சுற்றித் தெரியாது. அமையும் நாள் அபூர்வம். அமைந்தால் கையை ஆட்டிப் பாருங்கள்.

வேனில் ஒரே நாளில் பன்னிரண்டு இடம் காட்டுகிறார்களே, போகலாமா?

போகலாம். வாகன நிறுத்துமிடங்களைப் பன்னிரண்டு விதமாகப் பார்க்கலாம்.

வழிகாட்டியோ வண்டியோ இல்லாதவர்களுக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான்கு இடங்களை நின்று பார்த்தால் போதும். ‘குணா குகை’ என்று இப்போது எல்லோரும் கேட்கும் இடம் வெள்ளைக்காரர் காலத்தில் டெவில்ஸ் கிச்சன் என்று பெயர் பெற்றது. குகைக்குள் யாரையும் விடமாட்டார்கள். கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். வேலியைத் தாண்டுவதற்கு வழி சொல்கிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். அந்தப் பாறை இடுக்குகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

மலையேற்றத்துக்கு எங்கே போகலாம்? அனுமதி வேண்டுமா?

எளியது வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறை. இறங்கும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். மரவேர்களே படிக்கட்டாக இருக்கும் அந்தப் பாதையில் திரும்பி ஏறும்போதுதான் தெரியும். மழை பெய்த மறுநாள் வேர்கள் வழுக்கும், அட்டைகளும் இருக்கும். செருப்போடு போகாதீர்கள். பாறையின் நுனிக்குப் போய்ப் படம் எடுப்பது அந்த ஊரின் பெரிய நோய்.

அதே சரிவில் இன்னும் கீழே வெள்ளகவி என்ற ஊர் இருக்கிறது. கார் போகும் சாலை இல்லை, சாமான்கள் குதிரை முதுகிலும் ஆள் தலையிலும்தான் வந்து சேரும். கொடைக்கானலுக்கு முந்தைய பழைய ஊர். ஊரையே கோயிலாகக் கருதுவதால் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. நீங்களும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். அங்கிருந்து பாதை கும்பக்கரை வரை இறங்குகிறது. சாலை வருமுன் பெரியகுளத்திலிருந்து மேலே வந்தவர்கள் ஏறிய வழி இது. முழங்கால் வலுவாக இருப்பவர்களுக்கு மட்டும்.

காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன்பின் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகும் பாதைகளுக்கு முன்பதிவு செய்யலாம். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். விடுதியில் யாரோ ஒருவர் ‘எனக்கு ரேஞ்சரைத் தெரியும்’ என்றால் அது அனுமதி ஆகாது.

பேரிஜம் ஏரிக்கு எப்படிப் போவது?

ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், முழுக்கக் காட்டுக்குள். நாளொன்றுக்கு இத்தனை வாகனம் என்று வனத்துறை கணக்கு வைத்து அனுமதி தருகிறது. சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். யானை நடமாட்டம் இருந்தால் அன்று பாதையே மூடப்படும். வழியில் தொப்பி தூக்கும் பாறை, மதிகெட்டான் சோலை என்று நிறுத்தங்கள் உண்டு. பாறை விளிம்பில் தொப்பியை வீசினால் கீழிருந்து வரும் காற்று அதைத் திருப்பித் தள்ளும் என்பது முதல் பெயருக்குக் காரணம். வீசிப் பார்க்காதீர்கள், காற்று எல்லா நாளும் வேலைக்கு வருவதில்லை.

பேரிஜத்தில் படகு கிடையாது, கடை கிடையாது. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது. பேசாமல் கரையில் உட்கார்ந்திருக்க முடிகிறவர்களுக்கு மட்டுமே அந்தப் பயணம். ‘அங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறவர்கள் அந்த அனுமதியை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

கூட்டமே இல்லாத பக்கம் ஏதாவது இருக்கிறதா?

மேல்மலைக் கிராமங்கள். பூம்பாறையில் சாலையோரம் நின்றால் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களும் நடுவில் ஓட்டு வீடுகளும் தெரியும். குழந்தை வேலப்பர் கோயில் அங்கேதான். இன்னும் மேற்கே, ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் மன்னவனூர். புல்வெளிக்கு நடுவே ஏரி, அதில் பரிசல் சவாரி. மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் ரோமத்துக்காக வளர்க்கும் பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்கலாம். அங்கும் சீசனில் கூட்டம் சேர்கிறது என்றாலும் புல்வெளி பெரியது, கூட்டம் அதில் கரைந்துவிடும். பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மாலை இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் எதைப் பார்க்கலாம்?

நிறையவே. பிரையண்ட் பூங்கா ஏரிக்கு அருகிலேயே இருபது ஏக்கரில் இருக்கிறது. வனத்துறை அதிகாரி பிரையண்ட் 1908-இல் அமைத்தது. உட்கார இடம் உண்டு. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு வாசல் அருகே வரை கார் போகும். அந்தக் கோயிலை 1936-இல் கட்டுவித்தவர் ஒரு ஆஸ்திரேலியப் பெண்மணி. இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவராகி, லீலாவதி என்று பெயர் ஏற்றவர். தெளிவான நாளில் கோயிலின் பின்புறமிருந்து பழனி மலை தெரியும். அம்மா அங்கிருந்தே பழனியாண்டவருக்கும் கும்பிட்டுக்கொள்ளலாம்.

சூரிய ஆய்வகமும் படியேறத் தேவையில்லாத இடம். 1899-இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். பார்வையாளர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, வெயில் அடிக்கும் நாளில் போங்கள்.

ஊருக்குள்ளேயே காட்டுமாடு வருமாமே?

வரும். ஏரிச் சாலையிலும் விடுதி வாசலிலும்கூட நிற்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருக்கும், உடம்பு ஒரு சிறு காரளவு. அசையாமல் நிற்பதால் சாது என்று நினைத்துவிடுவார்கள். முட்டி இறந்தவர்கள் இருக்கிறார்கள். தலையைத் தாழ்த்தி மூக்கால் சீறினால் நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். ஓடாமல், முதுகைக் காட்டாமல் பின்வாங்கி ஒரு சுவருக்கோ வண்டிக்கோ பின்னால் போங்கள். பிளாஷ் அடிக்காதீர்கள். இரவு எட்டு மணிக்குமேல் ஒதுக்குப்புறச் சாலைகளில் நடக்க வேண்டாம்.

போதைக் காளான்?

சட்டவிரோதம். விற்றவர்களும் வாங்கியவர்களும் கைதாகியிருக்கிறார்கள். அடுத்த கேள்வி.

கொடைக்கானலிலிருந்து அப்படியே மூணாறு போக முடியுமா?

வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதால் இந்தக் கேள்வி. பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போகும் பழைய சாலை ஒன்று இருந்தது. இப்போது காடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது, பொதுமக்களுக்கு வழியில்லை. பெரியகுளம், தேனி, போடி என்று கீழே இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும்.

திரும்பும்போது என்ன வாங்கலாம்?

சாக்லேட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, கடைகளே சொல்லும். யூகலிப்டஸ் தைலம் வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் சந்தைக்குப் போங்கள், மேல்மலையிலிருந்து வரும் காய்கறிகள் அங்கே குவிந்திருக்கும். பருவத்தைப் பொறுத்து பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட், தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்) கிடைக்கும். தாட்பூட் பழம் தோல் சுருங்கினால்தான் இனிக்கும். மொழுமொழுவென்று இருப்பதைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் புளிக்கிறது என்று குறை சொல்லக் கூடாது.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பல் சிறிதாக, நிறம் கொஞ்சம் பழுப்பாக, காரம் தூக்கலாக இருக்கும். தாளோடு பின்னிய கட்டாகக் கிடைத்தால் அதையே வாங்கி, வீட்டில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் மூடிவைத்தால் ஊர் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே முளைவிட்டுவிடும்.